வெள்ளைக்காரன் விட்டுப் போகாத சைக்கிள்

"வெள்ளக்காரன் காலத்து வண்டி சார். தொர ஓட்டுனது. நூறு வருஷம் ஆச்சு, ஒரு போல்ட்டு கூட மாத்தல."

கள்ளக்குறிச்சியில் ஏதாவது ஒரு காயலான் கடை வாசலில் கறுப்பு சைக்கிள் ஒன்றின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் போதும், இது காதில் விழுந்துவிடும். சங்கராபுரத்திலும் இதேதான், சின்னசேலத்திலும் இதேதான். முன்பு வாயால் சொன்னதை இப்போது அட்டையில் எழுதி ஹேண்டில்பாரில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். கைப்பேசியில் படம் பிடித்து, பின்னணியில் பழைய சினிமாப் பாட்டு சேர்த்து ஊரெல்லாம் அனுப்புகிறார்கள். உணவகச் சுவரில் மாட்டவும் விடுதி வாசலில் நிறுத்தவும் சைக்கிள் தேடி புதுச்சேரியிலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வருகிறவர்கள், அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துப் போகிறார்கள்.

பல வருடங்களாக இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. வியாபாரம் என்றால் நாலு வார்த்தை கூட்டித்தான் சொல்வார்கள், இதற்குப் போய் ஏன் கோபப்பட வேண்டும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். விலையை மட்டும் ஏற்றுகிற பொய்யாக இருந்தால் நானும் விட்டிருப்பேன். அந்த சைக்கிளைச் செய்தவன், ஓட்டியவன், பழுது பார்த்துக் காப்பாற்றியவன் என்று மூன்று பேரையும் இந்தப் பேச்சு அழித்துவிடுகிறது. அவர்கள் இடத்தில், இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு துரையைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறது. அதனால் ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

சில்லறைப் பொய்களை முதலில் தீர்த்துவிடுகிறேன்.

"28 இஞ்சு ஃபிரேம் சார், இப்பல்லாம் வராது." 28 என்பது டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும் சக்கர அளவு. 28 × 1½ என்று இருக்கும். ஃபிரேமின் அளவு என்பது சீட் குழாயின் நீளம். நம் ஊர் வண்டிகளில் அது பெரும்பாலும் 22 அல்லது 24. சக்கரத்தை ஃபிரேமாக்கி விற்கிறவருக்குத் தான் விற்கும் பொருளே தெரியவில்லை என்று அர்த்தம். இப்பல்லாம் வராது என்கிற அந்த அளவு டயர், பக்கத்துக் கடையிலேயே புதிதாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

"துருவே புடிக்காது, அந்தக் காலத்து இரும்பு." சீட்டைக் கழற்றி, சீட் கம்பியை உருவி எடுத்து, வண்டியைக் கவிழ்த்து ஃபிரேமைக் கட்டைவிரலால் தட்டிப் பாருங்கள். செம்மண் நிறத்தில் துருத்தூள் கொட்டும். எந்தக் காலத்து எஃகானாலும் தண்ணீர் இறங்கினால் துருப்பிடிக்கும். மேலே கறுப்பு எனாமல் பளபளக்க, குழாய் உள்ளிருந்து அரிபட்டிருக்கும். இதிலேயே இன்னொரு கிளைப் பொய் உண்டு. கல்வராயன் மலையில் கிடைத்த வண்டியாம், மலைக்காற்று பட்டதால் துரு ஏறவில்லையாம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நனைக்கிற மலை அது. மேகம் அருவியும் பெரியார் அருவியும் ஓடுகிற மலையில் இரும்பு காய்ந்தே கிடக்கும் என்று சொல்ல ஒருவருக்கு வாய் வருவதுதான் எனக்கு ஆச்சரியம்.

பின் மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் 17 என்றோ 32 என்றோ எழுதியிருக்கும். அதைக் காட்டி, "கவுர்மெண்டு நம்பர், போலீஸ் வண்டி" என்கிறார்கள். இதைக் கேட்டால்தான் எனக்கு வயிறு எரிகிறது. அது வாடகை சைக்கிள் கடை நம்பர். மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து, நோட்டில் பெயரையும் நம்பரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு அனுப்புவார்கள். நேரம் தவறினால் அடுத்த அரை மணிக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் ஐம்பது வயது தாண்டியவர்களில் பாதிப் பேர் குரங்கு பெடல் போட்டுப் பழகியதும் முட்டியைப் பேர்த்துக்கொண்டதும் இந்த நம்பர் போட்ட வண்டிகளில்தான். ஓர் ஊருக்கே சைக்கிள் கற்றுக்கொடுத்த கடைகளை ஒரே வார்த்தையில் போலீஸ் ஸ்டேஷனாக்கிவிடுகிறார்கள்.

இனி, நூறு வருஷம்.

இந்த நூறுக்கு அவர்கள் காட்டுகிற சாட்சி மூன்று: ராடு பிரேக், மூடிய செயின் கவர், கறுப்பு நிறம். மூன்றும் வயதுக்குச் சாட்சியே ஆகாது. இந்த வகை வண்டியின் அமைப்பு முதல் உலகப் போருக்கு முன்பே ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அதன் பிறகு இந்தியத் தொழிற்சாலைகள் அதே அச்சைப் பல பத்தாண்டுகள் மாற்றாமல் வார்த்துக்கொண்டே இருந்தன. 1951-ல் தொடங்கிய சோனிபட் அட்லஸும் 1956-ல் தொடங்கிய லூதியானா ஹீரோவும் கோடிக்கணக்கான வீடுகளுக்கு அனுப்பியது இதே ராடு பிரேக் வைத்த கறுப்பு வண்டியைத்தான். பால்காரருக்கும் தபால்காரருக்கும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வாங்கிக் கொடுத்தது இதைத்தான். ஆகவே உங்கள் முன்னால் நிற்கிற 'நூறு வருஷத்து' வண்டிக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்கலாம். பார்வைக்குப் பழசாக இருப்பதும் பழசாகவே இருப்பதும் வேறு வேறு.

வயதைக் கண்டுபிடிக்க வழியில்லாமல் இல்லை. "1912 மாடல்" என்று ஒருவர் சொன்னால் ரிம்மைப் பாருங்கள். வெள்ளி மாதிரி நீலம் கலந்து மின்னினால் அது குரோம் பூச்சு. குரோம் பூச்சு தொழில்முறையில் புழக்கத்துக்கு வந்ததே 1920களின் பிற்பகுதியில்தான். அதற்கு முன்னால் கொஞ்சம் மஞ்சள் தட்டுகிற நிக்கல். அந்த வண்டியிலேயே டைனமோ இருந்து, அதுவும் கூடவே வந்தது என்றால் இன்னும் சுலபம். பாஷ் கம்பெனி சைக்கிளுக்கு டைனமோ விளக்கு கொண்டுவந்தது 1923-ல். 1912-ல் இரவில் சைக்கிள் ஓட்டியவர்கள் எண்ணெய் விளக்கோ, கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டவைத்து எரியும் காஸ் விளக்கோதான் மாட்டியிருந்தார்கள்.

ஃபிரேம் எண்ணை வருஷமாக வாசிக்கிற பழக்கம் வேறு. சீட் குழாய் மூட்டிலோ அடியில் பெடல் அச்சுக் குடத்திலோ குத்தியிருக்கும் எண் 19 என்று தொடங்கிவிட்டால் போதும், முதல் நான்கு இலக்கம் பிறந்த வருஷமாகிவிடும். அடுத்த இரண்டு இலக்கத்தை மாதமென்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது வரிசை எண். அதை விட்டால் கம்பெனி தொடங்கிய வருஷம். ப்ரூக்ஸ் தோல் சீட்டுக் கம்பெனி பர்மிங்ஹாமில் 1866-ல் தொடங்கியது என்பதற்காக ஒருவர் தன் சீட்டையே 1866 சீட்டு என்று விற்கலாமா? இன்று நாம் ஓட்டுகிற பாதுகாப்பான இரட்டைச் சம சக்கர சைக்கிளை ஸ்டார்லி கோவென்ட்ரியில் செய்துகாட்டியதே 1885-ல். டன்லப் காற்று டயர் 1888-ல். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கள்ளக்குறிச்சியில் ஒரு சீட்டு மட்டும் வந்து காத்திருந்ததா?

ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் வைத்த வண்டி எப்போதாவது கண்ணில் படும். அதில் மட்டும் தயாரித்த வருஷம் இரண்டு இலக்கமாகக் குத்தியிருப்பது உண்மை. அதுவும் அந்த ஹப்பின் வருஷம்தான். சக்கரத்தை மாற்றிக் கட்டியிருந்தால் வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், உண்மையான சாட்சி சில வண்டிகளில் கூடவே வந்தது. ஒரு காலத்தில் சைக்கிளுக்கு வரி உண்டு. நகராட்சியோ பஞ்சாயத்தோ வருஷா வருஷம் கட்டச் சொல்லி, கட்டியதற்கு அடையாளமாக வருஷம் பொறித்த வில்லை கொடுக்கும். அதை ஹேண்டில்பாருக்குக் கீழே முறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். வில்லை இல்லாமல் பிடிபட்டால் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். அந்த வில்லை ஊரையும் வருஷத்தையும் சேர்த்துச் சொல்கிறது. அந்த வருஷத்தில் இந்த வண்டி இந்த ஊரில் ஓடியது என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி இல்லை. விற்கிறவர்கள் செய்கிற முதல் வேலை அதைக் கத்தரித்துக் குப்பையில் போடுவது. அதில் இருப்பது அறுபதுகளின் வருஷம், அட்டையில் இருப்பது 1920. இரண்டும் ஒரே வண்டியில் தொங்க முடியாதே!

அடுத்தது அடிமடியிலேயே கைவைக்கிற பொய். "ஒரிஜினல் இங்கிலாந்து."

இங்கிலாந்து சைக்கிள் இங்கே வரவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1947-க்கு முன் கப்பலில் வந்தன, வசதியானவர்கள் வாங்கினார்கள். ஆனால் இன்று கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் கைமாறுகிற ராலே, ஹம்பர், ரட்ஜ், ராபின்ஹூட், ஹெர்குலிஸ், ஃபிலிப்ஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அப்படி வந்தவை என்பது நடக்காத காரியம். இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றையும் இந்தியாவிலேயே செய்தார்கள். எங்கே, யார் என்பதும் ஒளிவுமறைவில்லாமல் பதிவான வரலாறு.

ராலேயை எடுத்துக்கொள்வோம். நாட்டிங்காமில் 1880களின் கடைசியில் தொடங்கிய கம்பெனி. கல்கத்தாவில் சைக்கிள் இறக்குமதி வியாபாரம் செய்துகொண்டிருந்த சுதிர் குமார் சென், அதே கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து வங்காளத்தின் ஆசன்சோல் பக்கம் கன்யாபூரில் ஆலை போட்டார். சென்-ராலே என்று பெயர். 1950களின் தொடக்கத்திலிருந்து ராலே, ஹம்பர், ரட்ஜ், ராபின்ஹூட் ஆகியவை அங்கே உருவாயின. 1980-ல் அரசாங்கமே எடுத்து சைக்கிள் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா ஆக்கியது. முன்னால் ஒட்டியிருக்கும் கொக்குத் தலை முத்திரையைப் பார்த்தவுடன் நாட்டிங்காம் என்று கூவுகிறவர்கள் இதை ஒருமுறையாவது விசாரித்திருக்க வேண்டாமா? ஆசன்சோல் வண்டியிலும் அதே கொக்குதான். கொக்கு இங்கிலாந்தில்தான் இருக்கும் என்று யார் சொன்னது?

ஹெர்குலிஸ் நமக்கு இன்னும் நெருக்கம். இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கூட்டோடு முருகப்பா குடும்பத்தார் 1949-ல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கினார்கள். 1951-ல் அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸ் வெளியே வந்தது. பிறகு ஃபிலிப்ஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அங்கிருந்தே வந்தன. அம்பத்தூரில் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனை என்று ஒன்று இன்றும் நடக்கிறது. அந்தப் பெயர்க்காரர் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸின் தலைவர். இங்கிலாந்தின் பங்கு என்ன, எந்த அளவு என்பது அந்த ஊரில் போர்டு எழுதி மாட்டியே இருக்கிறது. முதலீடும் வரைபடமும் பெயரும் அங்கிருந்து வந்தன. குழாயை வளைத்தது, லக்கில் பொருத்திப் பற்றவைத்தது, போக்ஸ் கம்பி கோத்துக் கோட்டம் எடுத்தது, எனாமலில் முக்கிச் சூளையில் சுட்டது, செயின் கவரில் தங்கக்கோடு இழுத்தது எல்லாம் வில்லிவாக்கத்திலிருந்தும் ஆவடியிலிருந்தும் ஷிப்டுக்கு வந்த நம் ஆட்கள்.

இதற்கு அத்தாட்சி வண்டியிலேயே இருக்கிறது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் சீட் குழாயையோ பின் மட்கார்டையோ மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். பழைய தங்க எழுத்துச் சித்திரம் அடியில் மங்கலாகத் தெரியும். ஹெர்குலிஸாக இருந்தால் அம்பத்தூரோ மதராஸோ படிக்கக் கிடைக்கும். ராலே வகையாக இருந்தால் சென்-ராலே அல்லது இந்தியாவில் செய்தது என்ற வரி இருக்கும். அந்த வரி இல்லாத வண்டி பல சமயம் மறுபடி பெயிண்ட் அடித்த வண்டி. கறுப்பு ஸ்ப்ரே அடித்து, அதன் மேல் 'மேட் இன் இங்கிலாந்து' ஸ்டிக்கரை ஒட்டிவிடுகிறார்கள். அந்த ஸ்டிக்கர் ஒன்றில் தயாரித்த ஊர் பெயரையே எழுத்துப் பிழையோடு பார்த்தேன். நாட்டிங்காம் ஆலையில் தன் ஊர்ப் பெயரைத் தப்பாக அச்சடிக்க மாட்டார்கள்.

சரி, எங்கே செய்தால் என்ன, வண்டி வண்டிதானே என்று கேட்கலாம். எனக்கு அது அப்படி லேசான விஷயம் இல்லை. சுதந்திரம் வந்த கையோடு, வெளியிலிருந்து வருவதைக் கட்டுப்படுத்தி இங்கேயே செய்வோம் என்று இறங்கி, விவசாயக் கூலியின் வீட்டு வாசலுக்கும் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்திய கதை அது. நம் தாத்தாக்கள் கல்யாணத்தில் மாமனார் வீட்டுச் சீராக வாங்கியது அந்த அம்பத்தூர் வண்டியைத்தான். கோமுகி அணைப் பக்கம் கரும்புக் காட்டுக்குப் போனதும், தியாகதுருகம் சந்தைக்கு மூட்டை ஏற்றிப் போனதும் அதுதான். அறுபது வருஷம் உழைத்து இன்னும் நேராக நிற்கிறது என்றால் அந்தப் பெருமை அம்பத்தூர்த் தொழிலாளிக்கும் ஆசன்சோல் தொழிலாளிக்கும் சேர வேண்டியது. நல்ல பொருள் என்றாலே வெள்ளைக்காரன்தான் செய்திருப்பான் என்ற நினைப்பு விற்கிறவர் மனதிலும் இருக்கிறது, வாங்குகிறவர் மனதிலும் இருக்கிறது. அதனால்தான் அம்பத்தூர் என்ற எழுத்தைச் சுரண்டினால் விலை ஏறுகிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, நம் ஊரில் நம் ஆள் செய்தது என்பதற்கு மதிப்பு வந்துவிட்டது என்று கொண்டாடினோம். அதே ஊரில், நம் மாநிலத்தில் செய்த சைக்கிளின் பிறந்த ஊரை உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிறார்கள்.

இங்கிலாந்து இங்கிலாந்து என்கிறார்களே, நாட்டிங்காமில் ராலேயின் அந்தப் பெரிய ஆலை 2002-ல் மூடப்பட்டது. இந்தியா இன்றைக்கும் சீனாவுக்கு அடுத்தபடியாக உலகிலேயே அதிக சைக்கிள் செய்கிற நாடு. இதையும் அட்டையில் எழுதலாமே.

முத்திரைகளை வைத்துக் கட்டுகிற கதைகளுக்கு அதிக இடம் தரத் தேவையில்லை. பி.எஸ்.ஏ. முத்திரையில் மூன்று துப்பாக்கி சாய்த்து நிறுத்தியிருக்கும். உடனே "உலகப் போர்ல ஓடுன வண்டி" என்கிறார்கள். 1861-ல் துப்பாக்கி செய்வதற்காக பர்மிங்ஹாமில் தொடங்கிய கம்பெனி அது. பெயரே பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். அதனால் அந்தச் சின்னம். பள்ளிக்கூடம் போக வாங்கிய சைக்கிளிலும் அதே சின்னம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படைக்கென்று அவர்கள் செய்த பி.எஸ்.ஏ. வேறு, குழாய்கள் வில்லாக வளைந்து, நடுவில் மரை திருகி மடக்குகிற வண்டி. நம் ஊர் நேர்க்குழாய் வண்டிக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒன்றும் சம்பந்தமில்லை.

ரட்ஜ் வண்டியின் முன்பல் சக்கரத்துக்குள் ஒரு கை வடிவம் இருக்கும். அதைக் காட்டி, காமராஜர் காலத்தில் காங்கிரஸ்காரர்களுக்குக் கொடுத்த சைக்கிள் என்று ஒருவர் என்னிடமே விலை சொன்னார். காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது காங்கிரஸ் சின்னம் நுகம் பூட்டிய இரட்டைக் காளை. கை வந்தது 1978-ல், அவர் மறைந்து மூன்று வருஷம் கழித்து. ரட்ஜ் கம்பெனியின் கை அதற்குப் பல பத்தாண்டு முந்தியது, அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதிச் சின்னத்திலிருந்து எடுத்தது. காமராஜர் பெயரை விலைச்சீட்டாக்கியதற்காக அந்த மனிதரிடம் சண்டைக்கே போயிருப்பேன். கூட வந்தவர்கள் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

துரை ஓட்டினது என்பதற்கு வருகிறேன்.

எந்தத் துரை? "கள்ளக்குறிச்சி கலெக்டர்." அட்டையிலேயே அப்படி எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கள்ளக்குறிச்சிக்குக் கலெக்டர் வந்தது எப்போது? விழுப்புரத்திலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாகத் தொடங்கி வைத்தது 2019 நவம்பர் 26-ல். அதற்கு முன் 1993 முதல் நமக்குக் கலெக்டர் விழுப்புரத்தில் இருந்தார். அதற்கும் முன் நாம் தென்னார்க்காடு; கலெக்டர் கடலூரில். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் கள்ளக்குறிச்சி ஒரு தாலுகா. இல்லாத கலெக்டருக்கு எங்கிருந்து சைக்கிள் வந்தது? ஒரு பள்ளிக்கூடப் பையனைக் கேட்டாலும் மாவட்டம் உருவான வருஷத்தைச் சொல்லிவிடுவான். அவனைக்கூட அந்த அட்டையை எழுதியவர் கேட்கவில்லை.

கலெக்டர் எடுபடாவிட்டால் ஜாகீர்தார். கல்வராயன் மலை மூன்று ஜாகீர்களாக இருந்தது உண்மை. அந்த அதிகாரம் முழுதாகப் போய் மலை அரசு நிர்வாகத்துக்குள் வந்தது 1970களில் என்பதும் உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு, "ஜாகீர்தார் மலை மேல ஓட்டிக்கிட்டுப் போன வண்டி" என்று ஒரு கதை. இதைச் சொல்கிறவர் சைக்கிளில் ஏறி ஒரு மேடாவது மிதித்திருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்பல் 44, பின்னால் ஃப்ரீவீல் 18. கியர் கிடையாது. 28 இஞ்சு சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் போகும். ஆக, பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஐந்தரை மீட்டர் அளவுக்கு நகர வேண்டும். சமதளத்தில் இது சுகம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கும் சாலையில், இருபது கிலோ அளவு எடையுள்ள இரும்பையும் தன் உடம்பையும் சேர்த்து ஒவ்வொரு மிதிக்கும் அவ்வளவு தூரம் மேலே தள்ள எந்தக் காலாலும் முடியாது. இரண்டாவது வளைவில் காட்டர் பின் தேய்ந்து கிராங்க் ஆட்டம் கொடுக்கும். அதற்கு முன்னாலேயே ஆள் இறங்கித் தள்ளத் தொடங்கியிருப்பார். இது இன்றைய தார்ச்சாலையின் கணக்கு. சாலை இல்லாத காலத்தில் ஒற்றையடிப் பாதையிலும் பாறைப் படியிலும் சைக்கிள் போனது என்றால், சைக்கிள் மனிதன் மேல் ஏறித்தான் போயிருக்க வேண்டும்.

இறக்கம் இன்னும் மோசம். ராடு பிரேக்கின் கட்டை ரிம்மின் உள்விளிம்பை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. காய்ந்த ரிம்மில் அது பிடிக்கும். குரோம் ரிம் மழையில் நனைந்தால் வழுக்கும்; லீவரை முழுதாக இழுத்தாலும் வண்டி நிற்காது. கல்வராயன் மலை மழையில் அந்த இறக்கத்தை அந்த பிரேக்கை நம்பி இறங்கியவரைப் பற்றிப் பெருமையாகக் கதை சொல்ல ஆள் மிஞ்சியிருக்காது.

அந்த மலை மேல் வெள்ளிமலையிலும் சுற்று ஊர்களிலும் சைக்கிள் பெருவாரியாகக் கண்ணில் படத் தொடங்கியது பள்ளிக்கூடப் பிள்ளைகளால். 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு பதினொன்றாம் வகுப்பு மாணவ மாணவியர் எல்லோருக்குமாக விரிந்த அரசின் விலையில்லா சைக்கிள் அது. மலையாளிப் பழங்குடி வீட்டுப் பெண்பிள்ளை மேட்டில் தள்ளி, சமதளத்தில் மிதித்து, பாடம் படிக்கப் போன வண்டி. ஜாகீர்தார் கதைக்கு ஆயிரக்கணக்கில் விலை வைக்கிறவர்கள் அந்த வண்டியை எடைக்குப் போடுகிறார்கள்.

கடைசியாக, "ஒரு போல்ட்டு கூட மாத்தல".

மற்றவை தெரியாமல் சொல்கிற தப்பு என்று வைத்துக்கொண்டாலும், இதைச் சொல்கிறவருக்குத் தான் சொல்வது பொய் என்று தெரியும். உழைத்த சைக்கிளில் மாற்றாத பாகம் என்று எதுவும் இருக்காது. செயின் நீண்டுபோகும், ஃப்ரீவீலின் 'நாய்' என்கிற கொக்கி தேய்ந்து வெறும் பெடல் சுற்றும், கோனும் கப்பும் குழி விழும், பால்ஸ் உடையும், வால்டியூப் ஒரே கோடையில் விரிந்துபோகும். ஒவ்வொன்றையும் ஊர் சைக்கிள் கடைக்காரர் மாற்றினார். ஒரிஜினல் கிடைக்காதபோது லூதியானாவிலிருந்து வந்ததைப் போட்டார். அதுவும் கிடைக்காதபோது தானே அரம் போட்டுத் தேய்த்துச் சேர்த்தார்.

மாற்றியதோடு விடவில்லை. பால் கேன் இரண்டு பக்கமும் தொங்க வேண்டும் என்பதற்காக கேரியரின் கீழே கட்டிடக் கம்பியை வளைத்துப் பற்றவைத்தார். முன் ஃபோர்க்குக்கு முட்டுக்கம்பி இரண்டு சேர்த்தார். நெல் மூட்டை ஏற்றினால் ஸ்டாண்டு மடங்குகிறது என்று லாரிப் பட்டையில் புது ஸ்டாண்டு அடித்துக் கொடுத்தார். கொக்கு முத்திரையைவிட இந்தக் கம்பியும் பட்டையும்தான் அந்த வண்டியின் கதையைச் சொல்கின்றன. எந்த ஊர், என்ன தொழில், எவ்வளவு பாரம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. பழைய சைக்கிள் வாங்குகிறவர் காசு கொடுக்க வேண்டியது இதற்குத்தான்.

விற்பனைக்கு வருவதற்கு முன்னால் இதைத்தான் முதலில் அறுத்தெடுக்கிறார்கள். கிரைண்டர் வைத்துக் கேரியர் கம்பியை வெட்டி, பற்றவைத்த தழும்பைப் பட்டி பூசி மறைத்து, செயின் கவரில் பெயிண்டர் எழுதிய உடையவர் பெயரையும் ஊரையும் அழித்து, கறுப்பு அடித்து, மேலே ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, அட்டையில் 'ஒரிஜினல்' என்று எழுதுகிறார்கள். உண்மையாகவே ஒரிஜினலாக இருந்த எல்லாம் பட்டறைத் தரையில் சுருள் சுருளாகக் கிடக்கிறது.

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் துண்டுக்குள் கை கொடுப்பதில்லை. சைக்கிள் வாங்கப் போகிறவர்களும் அட்டையைப் படிப்பதை விட்டுவிட்டு வண்டியைத் தலைகீழாக நிறுத்தச் சொல்லுங்கள். சீட் கம்பியை உருவச் சொல்லுங்கள். அடியில் குத்திய எண்ணைத் துடைத்துப் பாருங்கள், ரிம்மின் பூச்சைப் பாருங்கள், மட்கார்டின் உள்பக்கத்தில் பழைய பெயிண்ட் என்ன நிறம் என்று பாருங்கள். அம்பத்தூர் என்றோ ஆசன்சோல் என்றோ எழுத்து கிடைத்தால் அந்த வண்டிக்குக் கூடுதலாகவே கொடுங்கள். பற்றவைத்த கேரியர் அப்படியே இருந்தால் அதற்கும் சேர்த்துக் கொடுங்கள், வெட்டி எடுக்க விடாதீர்கள். வண்டியைக் கவிழ்க்க விடமாட்டேன், துரை ஓட்டியது என்றே நம்ப வேண்டும் என்று கடைக்காரர் அடம்பிடித்தால், அந்தத் துரைக்கே விற்றுக்கொள்ளட்டும்.